சின்ன ஊருக்குப் புது தீயணைப்பு நிலையம்: எதில் பணம் போடுவது, எதை விடுவது?

ஊர்க்குழு_செயலர்:
வணக்கம். எங்களுடையது சில ஆயிரம் பேர் இருக்கும் சின்ன ஊர். இப்போதிருக்கும் தீயணைப்பு நிலையம் ஒரு காலத்தில் சரக்குக் கிடங்காக இருந்த கட்டடம். ஒரு பெரிய வண்டியும் ஒரு சின்ன வண்டியும் நிற்கின்றன, பெரிய வண்டியை உள்ளே விடும்போது இரண்டு பக்கமும் ஆள் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். முழுநேர ஆட்கள் நான்கைந்து பேர்தான், மற்றவர்கள் எல்லாம் வேறு வேலை பார்த்துக்கொண்டே கூப்பிட்டால் ஓடி வருகிற தன்னார்வலர்கள். புதுக் கட்டடத்துக்கு ஊர்க்குழு ஒத்துக்கொண்டுவிட்டது. அடுத்த 50 வருஷத்துக்குத் தாங்க வேண்டும், சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இருக்கக் கூடாது என்று தீர்மானமும் போட்டாயிற்று.

கட்டடக்கலைஞர் முதல் வரைபடம் கொடுத்திருக்கிறார். கூரை முழுக்க சோலார், முன்பக்கம் கண்ணாடி, இரண்டு மாடி, மேலே தூங்கும் அறைகள், கீழே வண்டி ஷெட், ஷெட்டின் சுவரை ஒட்டி உடை மாட்டும் லாக்கர்கள், வாசலில் மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிற மாதிரி இடைவெளி விட்ட கல் தளம். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் குழுவில் யாரும் இதற்கு முன் தீயணைப்பு நிலையம் கட்டியதில்லை. இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள், கட்டியவர்கள் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது?

பழைய_வாட்ச்ரூம்:
செயலர் சார், வரைபடத்துக்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். நான் ஃபயர் சர்வீஸில் இருந்து ஓய்வு பெற்றவன், கட்டடம் நன்றாக இருந்தும் இடம் சரியில்லாமல் அவதிப்பட்ட நிலையங்களைப் பார்த்திருக்கிறேன்.

தன்னார்வலர்களை நம்பி ஓடுகிற நிலையத்துக்கு இரண்டு பயணம் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆள் வீட்டில் இருந்து நிலையத்துக்கு வருவது ஒன்று, வண்டி நிலையத்தில் இருந்து தீப்பிடித்த இடத்துக்குப் போவது இன்னொன்று. முழுநேர ஆட்கள் உள்ள நிலையங்களுக்கு அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் (என்எஃப்பிஏ) போட்ட 1710 விதி, அழைப்பு வந்து 80 வினாடியில் வண்டி கிளம்ப வேண்டும், அடுத்த 240 வினாடியில் முதல் வண்டி இடத்தில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. தன்னார்வ நிலையங்களுக்கான 1720 விதியோ, கிராமப்புறத்தில் 6 பேர் 14 நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தால் சரி என்கிறது, அதுவும் பத்தில் எட்டு அழைப்புக்கு. ஆள் வந்து சேருகிற நேரத்துக்கும் இந்த வித்தியாசத்தில் பங்கு உண்டு. அதனால் ஊர் வரைபடத்தில் உங்கள் தன்னார்வலர்களின் வீட்டையும் வேலை பார்க்கும் இடத்தையும் புள்ளி வையுங்கள். பகல் புள்ளி ஒரு நிறம், இரவுப் புள்ளி ஒரு நிறம். ஊரின் நடு மையத்தை விட அந்தப் புள்ளிகளின் மையம் உங்களுக்கு முக்கியம்.

அப்புறம், அவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவார்கள்? ஓடி வருகிறவர் தன் காரை ஷெட் வாசலுக்கு எதிரே போட்டுவிட்டு உள்ளே ஓடுவார், அவசரம் அப்படி. தீயணைப்பு வண்டி வெளியேறும் வழியும் ஆட்கள் உள்ளே வரும் வழியும் எந்த இடத்திலும் குறுக்கே வெட்டக் கூடாது. பின்பக்கம் நிறுத்தம், பக்கவாட்டில் கதவு, கதவைத் திறந்தால் நேரே உடை அறை. இதற்குச் செலவே கிடையாது, வரையும்போதே நினைத்தால் போதும்.

பக்கத்துக் கட்டடத்தையும் பாருங்கள். 1906இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கம் வந்தபோது அந்த நகரத்தின் தீயணைப்புத் தலைவர் டென்னிஸ் சல்லிவன் நிலையத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து ஹோட்டலின் புகைபோக்கி சரிந்து நிலையத்தின் மேல் விழுந்தது, அதில் பட்ட காயத்தில் சில நாளில் இறந்துபோனார். நகரம் எரிந்த நேரத்தில் அதை நன்றாக அறிந்த ஆள் படுக்கையில். நம் கட்டடம் உறுதியாக இருந்தால் மட்டும் போதாது.

சும்மா_வாசகர்:
ஒரு சந்தேகம். இடிக்காமல் விட்ட கட்டடம்தானே சுற்றுச்சூழலுக்கு நல்லது? பழைய கிடங்கையே சரி செய்தால் என்ன? புது சிமெண்டு, புது இரும்பு எல்லாம் தயாரிக்கும்போதே நிறைய கார்பன் போய்விடுகிறது.

ஊர்க்குழு_செயலர்:
அதையும் யோசித்தோம். கிடங்கு தாழ்வான இடத்தில் இருக்கிறது, கனமழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்கிறது. கதவின் உயரமும் புது வண்டிக்குப் போதாது.

பழைய_வாட்ச்ரூம்:
தண்ணீர் நிற்கிற இடம் என்றால் விட்டுவிடுங்கள். 2005இல் கத்ரினா புயலின்போது நியூ ஆர்லியன்ஸில் பல தீயணைப்பு நிலையங்களே வெள்ளத்தில் சிக்கின. காப்பாற்றப் போக வேண்டியவர்களுக்கே இடம் இல்லாத நிலை. கிடங்கை இடிக்காமல் பயிற்சிக்கும் உதிரிப் பொருள் வைக்கவும் வைத்துக்கொள்ளலாம், அதில் போன கார்பன் வீணாகாது.

கோடும்_சுவரும்:
நான் கட்டடக்கலை பக்கம். உங்கள் கட்டடக்கலைஞர் மேல் குறை சொல்ல வரவில்லை, ஆனால் அந்த இரண்டு மாடி எனக்கு உறுத்துகிறது. நிலம் கிடைக்கிற சின்ன ஊரில் ஒரே தளம்தான் சரி. தூக்கத்தில் எழுந்து அரைக் கண்ணோடு படியில் இறங்குவது காயத்துக்கு வழி. மாடியில் இருந்து சறுக்கி இறங்குகிற வழுக்குக் கம்பம் வைக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். அது 1878இல் சிகாகோவின் 21ஆம் எண் பிரிவில் கேப்டன் டேவிட் கென்யன் கொண்டுவந்தது, மாடியில் தூங்கிக் கீழே குதிரை வண்டிக்கு ஓடிய காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம். இன்றைக்கு அது கணுக்காலை உடைக்கிற சாதனம், போதாக்குறைக்கு வண்டிப் புகை மேலே ஏறுவதற்கு ஒரு ஓட்டை. ஒரே தளமாகப் போட்டால் கம்பமும் வேண்டாம், லிஃப்டும் வேண்டாம்.

அடுத்தது கட்டமைப்பு. மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் போன்றவற்றைப் பேரிடருக்குப் பிறகும் இயங்க வேண்டிய கட்டடங்கள் என்று தனி வகையாக வைப்பார்கள். அமெரிக்க விதியிலும் இந்திய விதியிலும் நிலநடுக்க விசையைக் கணக்கிடும்போது இவற்றுக்கு 1.5 என்ற முக்கியத்துவக் காரணியால் பெருக்க வேண்டும், அதாவது சாதாரண வீட்டை விட ஒன்றரை மடங்கு. உங்கள் இடத்தின் விதி எதுவோ அதைப் பாருங்கள், ஆனால் கட்டமைப்புப் பொறியாளரிடம் இந்தக் கேள்வியை நேராகக் கேளுங்கள்: "ஆட்டம் முடிந்த பிறகு கதவு திறக்குமா?" சுவர் நின்றும் கதவுச் சட்டம் கோணிக்கொண்டால் வண்டி உள்ளேயே சிறைப்பட்டுவிடும்.

ஷெட்டின் தளம் இன்னொன்று. 4,500 லிட்டர் தண்ணீர் என்றாலே நாலரை டன், வண்டியோடு சேர்த்தால் 15 டன்னைத் தாண்டும். அது நாள் முழுக்க ஒரே நான்கைந்து இடத்தில் சக்கரத்தை வைத்து நிற்கிறது. இந்த ஸ்லாபில் சிக்கனம் பார்க்காதீர்கள், முகப்புக் கண்ணாடியில் பாருங்கள். கண்ணாடி முகப்பு வெயிலை உள்ளே கொண்டுவரும், அதைத் தணிக்க ஏசி போட வேண்டும், அந்த ஏசிக்காகக் கூரையில் இன்னும் நான்கு சோலார் பலகை. சுவரை யோசித்து வைத்திருந்தால் இந்தச் சங்கிலியே இல்லை. ஷெட்டுக்கு ஏசி தேவையில்லை, ஆகவே வெயில் கொளுத்தும் பக்கத்தில் ஷெட்டை வையுங்கள், தூங்கும் அறைகள் அதன் மறைவில் இருக்கட்டும். குளிர் உறையும் ஊராக இருந்தால் மட்டும் வண்டித் தொட்டியில் தண்ணீர் உறையாத அளவுக்கு ஷெட்டில் வெப்பம் வேண்டும்.

கனடாவின் வான்கூவரில் 17ஆம் எண் நிலையம், மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் கட்டடங்களுக்கான பாசிவ் ஹவுஸ் தரச்சான்று வாங்கியிருக்கிறது, அவ்வளவு பெரிய கதவுகளைத் திறந்து மூடுகிற கட்டடத்திலும் அது முடிகிறது. ஆனால் எந்த அறைக்கு எவ்வளவு சொகுசு என்று பிரித்துக்கொண்டால் சான்று இல்லாமலேயே பாதிப் பலன் வந்துவிடும்.

அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் இந்தியானாவின் கொலம்பஸ் என்ற சின்ன நகரத்தில் 1960களில் ராபர்ட் வென்டூரி என்ற கட்டடக்கலைஞர் ஒரு நிலையம் செய்தார். சாதாரணச் செங்கல், எளிய அமைப்பு, நடுவில் ஹோஸ் (தண்ணீர் அடிக்கும் குழாய்) உலர்த்தும் கோபுரம், அதன் மேல் பெரிதாக 4 என்று எண். அவ்வளவுதான், இன்றும் பேசப்படுகிறது. இன்னொரு பக்கம் ஜெர்மனியின் வைல் ஆம் ரைனில் விட்ரா என்ற நாற்காலி, மேஜை நிறுவனத்தின் தொழிற்சாலை வளாகத்துக்காகக் கட்டடக்கலைஞர் ஸாஹா ஹடீட் வடிவமைத்து 1993இல் முடிந்த நிலையம், கட்டடக்கலை மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு தீயணைப்புப் பொறுப்பு வெளியே போய்விட்டது, அந்தக் கட்டடம் கண்காட்சிக்குப் பயன்படுகிறது. ஒரு பெரிய நிறுவனத்துக்கு அது தாங்கும். சின்ன ஊருக்குத் தாங்காது.

இரவுப்பணி:
நான் தற்போது பணியில் இருக்கிற தீயணைப்பு வீராங்கனை. மேலே எல்லோரும் சொன்னது சரி, ஆனால் செயலர் சொன்னதில் ஒரு வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது: "ஷெட்டின் சுவரை ஒட்டி உடை மாட்டும் லாக்கர்கள்." தயவு செய்து அதை முதலில் அழித்துவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2022இல் தீயணைப்புப் பணியையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. அதற்கு முன்னால் 2012இல் டீசல் புகையையும் அதே பிரிவில் சேர்த்திருந்தார்கள். இப்போது லாக்கரை நினைத்துப் பாருங்கள். தீயில் இருந்து வந்த கரி படிந்த கோட்டு திறந்த லாக்கரில் தொங்குகிறது, பக்கத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகி டீசல் புகையை அதன் மேல் விடுகிறது, அடுத்த அழைப்புக்கு நான் அதே கோட்டைக் கழுத்து வரை இழுத்து மாட்டுகிறேன். வியர்வையில் தோல் ஈரமாக இருக்கும், சூட்டில் கரியில் உள்ளது எல்லாம் இன்னும் எளிதாக உள்ளே போகும். ஜன்னல் வெயில் பட்டால் கோட்டின் அராமிட் என்ற தீத்தாங்கும் துணி நாளாக ஆக வலுவிழக்கும், அது தனிக் கேடு.

ஸ்வீடனில் ஷெல்லெஃப்டியோ என்ற ஊரின் தீயணைப்பு வீரர்கள் இதைத்தான் கையில் எடுத்தார்கள், அந்த முறைக்கு ஊர்ப் பெயரே வைத்துவிட்டார்கள். அடிப்படை எளிது: அழுக்கு ஒரு பக்கம் இருந்து வர வேண்டும், சுத்தம் மறுபக்கம் வெளியே போக வேண்டும், இரண்டும் ஒரே கதவில் சந்திக்கக் கூடாது. புது நிலையங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பகுதி பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் வண்டி ஷெட், அழுக்கு உடை கழற்றும் இடம். மஞ்சள் என்றால் இடைவழி, குளியலறை. பச்சை என்றால் சமையலறை, படுக்கை, அலுவலகம். சிவப்பில் இருந்து பச்சைக்குப் போக வேண்டும் என்றால் மஞ்சளைக் கடந்துதான் ஆக வேண்டும், குறுக்கு வழி இருக்கவே கூடாது. குறுக்கு வழி ஒன்று விட்டால் நாங்களே அதைத்தான் பயன்படுத்துவோம், களைத்து வருகிற ஆளுக்குச் சுவரொட்டி அறிவுரை ஏறாது.

எங்கள் நிலையத்தில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். வண்டி வந்து நின்றதும் பின் கதவு வழியாக ஒரு சின்ன அறை. கையுறை போட்டுக்கொண்டு கோட்டு, கால்சட்டை, முகத்துணி எல்லாவற்றையும் கழற்றி நேரே வாஷிங் மெஷினில் போடுகிறோம். அந்த மெஷினுக்கு இரண்டு கதவு. அழுக்கு இந்தப் பக்கம் உள்ளே போகும், துவைத்ததை மறுபக்க அறையில் இருந்து எடுக்க வேண்டும், நடுவில் சுவர். தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் போகாது, போனால் துணியின் உள்ளடுக்கு கெடும். நாங்கள் அங்கிருந்து குளியலறைக்குள் போய் மறு கதவு வழியாக வீட்டு உடையில் வெளியே வருகிறோம். துவைத்த உடை ஜன்னல் இல்லாத அறையில், தனி காற்றோட்டத்தில் காய்கிறது. இதெல்லாம் மொத்தமே மூன்று சின்ன அறைதான்.

பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனிக் கூடமாகக் கட்டாதீர்கள், ஒரு ஆளுக்கு ஒரு அறை, ஒரு ஆளுக்கு ஒரு குளியலறை என்று பூட்டிக்கொள்கிற மாதிரி சின்னதாகக் கட்டுங்கள். ஐம்பது வருஷத்தில் குழுவில் யார் எத்தனை பேர் இருப்பார்கள் என்று இன்றைக்கு எப்படித் தெரியும்?

கணக்கர்_2:
எல்லாம் சரி அம்மா, ஆனால் இது பெரிய நகர நிலையங்களுக்கான ஏற்பாடு இல்லையா? எங்கள் மாதிரி ஊரில் கட்டடத் தீ என்று வருவதே அபூர்வம். கிடைக்கிற கொஞ்சப் பணத்தை இரண்டு கதவு மெஷினில் போடுவதா, ஒரு நல்ல பம்ப் வாங்குவதா? குழுவில் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும்.

இரவுப்பணி:
நியாயமான கேள்வி. மெஷினை ஒத்திப்போடலாம், சாதாரண ஒற்றைக் கதவு மெஷினில் தொடங்கலாம். ஒத்திப்போட முடியாதது அறைகளின் வரிசை. சுவர் எழும்பிய பிறகு வரிசையை மாற்றுவது என்றால் இடிப்பதுதான். அழைப்பு குறைவாக வருவதால் கரி குறைந்த விஷமாகிவிடாது. இன்னொன்று, உங்கள் ஆட்கள் தன்னார்வலர்கள். துவைக்க இடம் இல்லாவிட்டால் கோட்டைக் காரில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவார்கள், குழந்தை உட்காரும் இருக்கை மேல் அது கிடக்கும். சின்ன ஊரில்தான் இது இன்னும் அவசியம் என்பேன்.

பழைய_வாட்ச்ரூம்:
அம்மா சொன்னதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். எங்கள் காலத்தில் கரி படிந்த கோட்டு என்றால் பெருமை, துவைத்த கோட்டு என்றால் புது ஆள் என்று நினைப்பார்கள். கூட வேலை பார்த்த பலரை நோயில் இழந்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

ஷெட்டில் வண்டியின் புகைக்குழாயில் மாட்டி இழுக்கிற குழல் ஒன்றும் வையுங்கள், வண்டி வெளியே நகரும்போது தானாகக் கழன்றுகொள்ளும். மூச்சுக்காற்று சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரஸரின் காற்று உறிஞ்சும் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேளுங்கள். அது வண்டிப் புகை வருகிற பக்கம் இருந்தால் அந்தப் புகையைத்தான் 300 பார் அழுத்தத்தில் அடைத்து முதுகில் மாட்டிக்கொண்டு போவோம்.

மூன்று_ஃபேஸ்:
நான் மின்சாரம். கூரை முழுக்க சோலார் என்றதும் எல்லோரும் கரண்ட் போனாலும் நிலையம் ஓடும் என்று நினைக்கிறார்கள். ஓடாது! கிரிட்டோடு, அதாவது வெளியே இருந்து வரும் பொது மின்கம்பியோடு மட்டும் இணைத்த சாதாரண இன்வெர்ட்டர், கிரிட் போனதும் தானும் நின்றுவிடும், வெளியே கம்பியில் வேலை பார்க்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் பலகை பளபளத்துக்கொண்டிருக்கும், கீழே அழைப்பு எடுக்கிற வாட்ச் ரூம் இருட்டாக இருக்கும். டெண்டரில் "கிரிட் இல்லாதபோதும் தனித்து இயங்கும் இன்வெர்ட்டர், பேட்டரியுடன்" என்று எழுதாவிட்டால் யாரும் தானாகக் கொண்டுவந்து வைக்கமாட்டார்கள்.

பேட்டரியை எவ்வளவு பெரிதாக வைப்பது? முழுக் கட்டடத்துக்கும் கணக்குப் போட்டால் மலைத்துப்போவீர்கள். முக்கியமான சுமைகளை மட்டும் தனி போர்டில் பிரியுங்கள்: ரேடியோ, அலாரம், வாட்ச் ரூம் கணினி, வழி விளக்குகள், கைவிளக்கு சார்ஜர்கள், கதவு மோட்டார். கதவு மோட்டார் ஓடுவது சில வினாடிதான். இதெல்லாம் சராசரியாக 600 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 14.4 யூனிட். 20 யூனிட் பேட்டரி இருந்தால் மழை நாளிலும் ஒரு முழு நாள் தாங்கும், வெயில் இருந்தால் நாள்கணக்கில் போகும். கம்ப்ரஸர், வாஷிங் மெஷின், ஏசி எல்லாம் ஜெனரேட்டருக்கு. ஜெனரேட்டரை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஆனால் சோலாரும் பேட்டரியும் இருந்தால் அது ஓடும் நேரம் வெகுவாகக் குறையும், இருக்கிற டீசல் அதிக நாள் வரும்.

பேட்டரி அறை படுக்கை அறைச் சுவரை ஒட்டி வேண்டாம். வெளிச்சுவரில், வெளியே இருந்து திறக்கிற மாதிரி, தீத்தாங்கும் சுவரோடு.

எலெக்ட்ரிக் தீயணைப்பு வண்டியை இன்றைக்கு நீங்கள் வாங்கமாட்டீர்கள். ஆனால் பெர்லினில் ரோசன்பாவர் வண்டியும் அமெரிக்காவில் விஸ்கான்சினின் மேடிசனில் 2021இல் இருந்து பியர்ஸ் வண்டியும் ஓடியிருக்கின்றன, 50 வருஷத்தில் உங்களுக்கும் வரும். சார்ஜர் இப்போது வேண்டாம். ஸ்லாப் போடும்போது மெயின் போர்டில் இருந்து ஒவ்வொரு வண்டி நிற்கும் இடத்துக்கும் பெரிய காலிக் குழாய் புதைத்து, பிறகு கேபிளை இழுக்க உள்ளே இழுகயிறு விட்டு மூடிவிடுங்கள். அந்த 15 டன் தாங்குகிற ஸ்லாபைப் பிறகு வெட்டுவது கொடுமை.

சும்மா_வாசகர்:
அப்படியென்றால் சோலாரே தேவையில்லை, ஜெனரேட்டர் மட்டும் போதும் என்று சிலர் சொல்வார்களே?

மூன்று_ஃபேஸ்:
சொல்வார்கள். பெரிய புயலுக்குப் பிறகு சாலை அடைபட்டு டீசல் லாரி வராமல் நிற்கும்போது அவர்களிடம் கேட்க வேண்டும். இரண்டு மூலம் இருப்பதுதான் பாதுகாப்பு, ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிக்க வரவில்லை.

சம்ப்_மூடி:
தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே. தீயணைப்பு நிலையம் அதிகமாக வீணாக்குவது தண்ணீரைத்தான், அதுவும் தீயில் இல்லை, பயிற்சியிலும் பம்ப் சோதனையிலும். நிமிடத்துக்கு 2,000 லிட்டர் தள்ளும் பம்பை 20 நிமிடம் ஓட்டிப் பார்த்தால் 40,000 லிட்டர் சாக்கடையில். வழி என்னவென்றால் முற்றத்துக்கு அடியில் ஒரு பெரிய சம்ப். வண்டி அதில் இருந்தே உறிஞ்சும், அதற்குள்ளேயே திருப்பி விடும். அதே தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதில் இரண்டு நுணுக்கம். திரும்பி விழும் தண்ணீர் காற்றுக் குமிழியோடு விழும், அந்தக் குமிழி உறிஞ்சு குழாய்க்குள் போனால் பம்ப் துடிக்கும், அளவு தப்பாகக் காட்டும். ஆகவே விழும் பக்கத்துக்கும் உறிஞ்சும் பக்கத்துக்கும் நடுவில் தடுப்புச் சுவர், அடியில் மட்டும் வழி. இரண்டாவது ஆழம். காற்றழுத்தம் தண்ணீரைக் கொள்கையளவில் சுமார் 10 மீட்டர்தான் மேலே தள்ளும், நடைமுறையில் ஏழு மீட்டர் வந்தாலே பம்ப் திணறும். சம்பை ஆழமாக வெட்டாமல் அகலமாக வெட்டுங்கள், மூன்று மீட்டருக்குள் வைத்தால் நிம்மதி.

அதை நிரப்பக் கூரை இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 600 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 15,000 லிட்டர், ஆவியாவதும் முதல் மழையைக் கழிப்பதும் போக 12,000 நிச்சயம். ஊரில் குழாய்த் தண்ணீர் நின்றுபோன நாளில் வண்டியை நிரப்பவும் அதுதான் கை கொடுக்கும். ஒரே எச்சரிக்கை, தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரைப் பனித்துளி மாதிரி தெளித்தால் லெஜியோனெல்லா கிருமி நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு, எனவே மூடி, வடிகட்டி, அவ்வப்போது பரிசோதனை எல்லாம் வேண்டும்.

அப்புறம் அந்த இடைவெளி விட்ட கல் தளம். பசுமைக் கட்டடம் என்றதும் எல்லோரும் இதை வரைந்துவிடுகிறார்கள். கார் நிறுத்துமிடத்துக்கு நல்லது, தாராளமாகப் போடுங்கள். தீயணைப்பு வண்டி கழுவுகிற இடத்தில் போடவே கூடாது. கரி, எண்ணெய், நுரை எல்லாம் அந்த இடைவெளி வழியாக நேரே நிலத்தடி நீருக்குப் போகும். பழைய நுரைக் கரைசல்களில் இருந்த பிஃபாஸ் என்ற ஃப்ளோரின் ரசாயனம் மண்ணில் எளிதில் சிதையாது, அந்த வகையைச் சேர்ந்த பிஃபோவாவை அம்மா சொன்ன அதே முகமை 2023 இறுதியில் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. பயிற்சித் தளங்களைச் சுற்றிக் கிணறுகள் கெட்ட கதை பல நாடுகளில் இருக்கிறது. கழுவும் இடம் கெட்டியான கான்கிரீட்டாக, நடுவில் கால்வாயோடு, எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆனால் அந்தத் தொட்டி நுரையைப் பிரிக்காது, எனவே ஃப்ளோரின் இல்லாத நுரைக்கு மாறுங்கள், பயிற்சிக்கு அதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

ஊர்க்குழு_செயலர்:
இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. கல் தளம் பற்றி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்னும் இரண்டு கேள்வி. ஹோஸ் உலர்த்தும் கோபுரம் வேண்டுமா? கதவு எந்த வகை?

பழைய_வாட்ச்ரூம்:
கோபுரம் வேண்டும் என்பது என் கட்சி. நீள ஹோஸைத் தொங்கவிட்டால் மின்சாரமே இல்லாமல் காய்ந்துவிடும், அதே கோபுரத்தில் ஏணிப் பயிற்சி, கயிற்றுப் பயிற்சி எல்லாம் நடக்கும்.

கோடும்_சுவரும்:
நான் பாதி ஒத்துப்போகிறேன். இப்போதைய செயற்கை இழை ஹோஸ் பழைய பருத்தி ஹோஸ் மாதிரி பூஞ்சை பிடித்து அழுகாது, சாய்வான தட்டில் விரித்தாலே காயும், ஆகவே ஹோஸுக்காக மட்டும் கோபுரம் கட்டுவது இன்று நியாயமில்லை. ஆனால் பயிற்சிக்கும் சேர்த்து என்றால் சரி, மேலே திறப்பு வைத்தால் சூடான காற்று அது வழியாகத் தானாக ஏறி வெளியேறும், பக்கத்து அறைகள் குளிர்ந்துவிடும். மூன்று வேலை செய்தால் கட்டுங்கள். ஒரு வேலைக்கு மட்டும் என்றால் வேண்டாம்.

பழைய_வாட்ச்ரூம்:
சரி, அது எனக்குச் சம்மதம்.

கதவுக்கு வருகிறேன். மேலே சுருளும் ஷட்டர் மலிவு, ஆனால் மெதுவாக ஏறும், முழுக்க ஏறிவிட்டதா என்று ஓட்டுநருக்கு இருக்கையில் இருந்து தெரியாது. பாதி ஏறிய ஷட்டரில் வண்டியின் மேல் விளக்கை இடித்த சம்பவங்கள் ஏராளம். பக்கவாட்டில் நான்கு மடிப்பாக மடங்கும் கதவு ஏழெட்டு வினாடியில் திறக்கும், திறந்திருப்பது கண்ணுக்கு நேரே தெரியும், விலை அதிகம். பணம் இருந்தால் முன்பக்கம் மட்டுமாவது அதைப் போடுங்கள். எது போட்டாலும் கரண்டே இல்லாமல் ஒற்றை ஆள் கையால் திறக்க முடிகிறதா என்று உங்கள் குழுவில் உயரம் குறைந்தவரை வைத்துத் திறந்து பாருங்கள்.

முடிந்தால் பின்பக்கமும் கதவு வையுங்கள், பின்னால் நுழைந்து முன்னால் வெளியேறுகிற மாதிரி. ரிவர்ஸ் எடுக்கிற வேலையே இருக்காது, இரண்டு பக்கமும் ஆள் நின்று பார்த்துச் சொல்கிற பாடும் தீரும்.

கணக்கர்_2:
ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஊர்க் கூட்டம் நடத்த ஒரு அறையையும் இதோடு சேர்த்துக் கட்டினால் மக்கள் ஆதரவு கிடைக்கும் என்று குழுவில் பேச்சு. சரியா?

இரவுப்பணி:
நல்ல யோசனை, முதலுதவி வகுப்பும் அங்கே நடத்தலாம், வெப்ப அலை, புயல் சமயத்தில் மின்சாரம் இருக்கிற ஒரே இடமாக அது இருக்கும். ஆனால் தனி வாசல், தனிக் கழிப்பறை, தனி நிறுத்தம். எங்கள் உடை அறைக்குள் யாரும் வழி தவறிக்கூட வரக் கூடாது. அலாரம் அடிக்கும்போது அந்த அறையில் கேட்கட்டும், அப்போதுதான் வாசலில் நிற்கிற கார்களை ஒதுக்குவார்கள். படுக்கை அறையில் மட்டும் திடீரென்று அலறுகிற மணி வேண்டாம், மெல்லத் தொடங்கி ஏறுகிற ஒலி, கூடவே மங்கலான சிவப்பு விளக்கு. ஆள் எழுந்துவிடுவார், நெஞ்சு படபடக்காது.

கோடும்_சுவரும்:
செயலர் சார், திருத்திய வரைபடம் வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு காலி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் முழு வரைபடத்தையும் நிஜ அளவில் கோடு போடுங்கள். சுவர், கதவு, அறை வரிசை எல்லாம். உங்கள் பெரிய வண்டியை அதற்குள் ஓட்டி வாருங்கள், தன்னார்வலர்களைக் காரில் வரச் சொல்லி நிறுத்தி, ஓடி, உடை மாட்டி ஏறச் சொல்லுங்கள். அப்புறம் திரும்பி வந்து அழுக்கு உடையைக் கழற்றிக் குளியலறைக் கோடு வரை நடக்கச் சொல்லுங்கள். எங்கே ஒருவர்மேல் ஒருவர் முட்டுகிறார்கள் என்று பாருங்கள். காகிதத்தில் தெரியாதது அங்கே தெரியும், கோட்டை அழித்துப் போடச் செலவும் இல்லை.

ஊர்க்குழு_செயலர்:
வருகிற ஞாயிறு செய்துவிடுகிறோம், கட்டடக்கலைஞரையும் கூப்பிட்டாயிற்று. வண்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஓட்ட வேண்டுமா, காலியாக ஓட்டினால் போதுமா?

பழைய_வாட்ச்ரூம்:
முழுக்க நிரப்பி ஓட்டுங்கள். நிரம்பிய வண்டி திரும்பும் விதமே வேறு, வழக்கமாக ஓட்டுகிறவரையே உட்கார வையுங்கள். முன் சக்கரம் கோட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு குச்சி நட்டு அளந்து வையுங்கள், வாசல் தளத்தின் அகலத்தை அதில் இருந்து முடிவு செய்யலாம். நீளம் குறைந்தது வண்டி முழுதாக வெளியே வந்து சாலையை மறிக்காமல் நிற்கிற அளவு இருக்கட்டும்.